காதர் மச்சானின் மோட்டாரும் காத்திவாக்கம் மணலும்

ராயபுரத்திலிருந்து காத்திவாக்கத்துக்கு மோட்டாரில் போக எண்ணுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏழு மைல்தான். போவது சுலபம் என்பார்கள், திரும்புவதைப் பற்றித்தான் பேச்சு.

என் அக்காள் கணவர் காதர் மச்சான் ஜட்காவையும் குதிரையையும் விற்று ஒரு பழைய மோட்டார் வாங்கினார். காத்திவாக்கம் மீன்காரப் பெண்களைக் கூடையோடு ராயபுரம் சந்தைக்கு ஏற்றி வருவது திட்டம். இரண்டு முறை போனோம். இரண்டு முறையும் வண்டியின் அடிவயிறு மணலில் தட்டி நின்றது. மோட்டாருக்குச் சக்கரம் நான்கு, இறங்கித் தள்ளிய மீன்காரப் பெண்களுக்குக் கால் பதினாறு.

"மூணாவது தபாவும் நின்னா, நாங்க மாட்டுவண்டியிலயே போய்க்கினு இருப்போம் பாய்" என்று அவர்களில் மூத்தவரான முனியம்மா சொல்லிவிட்டார். மச்சானுக்கோ திரும்பிப் போகக் குதிரையும் இல்லை.

ஆகவே மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை கொருக்குப்பேட்டை கொல்லர் மாணிக்கத்திடம் போனோம். கூட்ஸ் வண்டிகளுக்குப் பட்டை அடித்துப் பழகிய கை அவருடையது. பின்சக்கரங்களின் மேல் வில்லாக வளைந்திருக்க வேண்டிய எங்கள் இரும்புப் பட்டைகள் அப்பளமாகிக் கிடந்தன. பக்கத்துக்கு மூன்று தடித்த பட்டை சேர்த்தார். வண்டி நான்கு விரற்கடை எழும்பியது. கூலி மூன்று ரூபாய்.

"காலியா ஓட்டாத பாய். இது பாரம் கேக்குற பட்டை."

மச்சான் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் காதில் விழவில்லை என்று அர்த்தம். அக்காளைக் கேட்டுப் பாருங்கள்.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். எர்ணாவூர் தாண்டியதும் கல் ரோடு முடிந்து முக்கால் மைல் வெறும் மணல். "லேசா இருந்தாத்தாண்டா போவும்" என்று மச்சான் உதிரிச் சக்கரத்தை இறக்கினார். பிறகு என்னையும் இறக்கினார். இறங்குமுன், அவர் கீழே நின்ற நேரம் பார்த்து, கையோடு கொண்டுவந்த பச்சை முட்டை ஒன்றை அவர் இருக்கைத் துணிக்கடியில் வைத்தேன். புதுப் பட்டையைச் சோதிக்க வேண்டாமா?

வண்டி ஆட்டுக்குட்டியாகத் துள்ளிப் போனது, நான் பின்னால் ஓடினேன். கரைக்கு நூறு கஜம் இருக்கையில் பின்சக்கரம் குழி பறித்து நின்றது. மச்சான் எழுந்தார். கைலி மஞ்சள்.

கரையில் காத்திருந்த முனியம்மா மற்றப் பெண்களோடு வந்து பார்த்தார். "இன்னா பாய், வண்டி நண்டு புடிக்குதா? அது இன்னா பின்னால, முட்ட போட்டுகினியா?"

எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தலை குனிந்து நின்றார். அப்போதுதான் முட்டை வைத்தது எனக்கு உறுத்தியது.

"மச்சான், கொல்லர் பாரம் ஏத்தச் சொன்னாரே?"

"நின்ன வண்டில பாரமா? பேஜாரு பண்ணாதடா."

நான் முனியம்மாவிடம் போனேன். "அக்கா, கூடையோட எல்லாரும் ஏறுங்க. நின்னா உங்க வண்டிக்கு மாடா நானே வரேன்."

"கொம்புதான் கொறச்சல் உனக்கு. ஏறுங்கடி!"

டயரில் பாதிக் காற்றை விட்டோம். சக்கரத்தடியில் பனையோலை போட்டோம். எட்டுப் பெண்கள், எட்டுக் கூடைகள். பட்டைகள் முனகி அமர்ந்தன, சக்கரம் மணலைக் கவ்வியது, வண்டி நகர்ந்து வளைந்து எர்ணாவூர்ப் பக்கம் திரும்பியது. ஒரு மீன்கூடத் துள்ளவில்லை. பின்னால் தள்ளிய எனக்குத்தான் இடமில்லை. நிறுத்தினால் புதையும் என்று மச்சான் திரும்பியே பார்க்கவில்லை.

முக்கால் மைல் நடந்தேன். எர்ணாவூர் ரோட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். முனியம்மா சொன்னது ஒரே வார்த்தை: "நாளிக்கி?"

காலையில் அங்கே இறக்கிய உதிரிச் சக்கரத்தைப் பின்னால் கட்டி, அதன் மேல் மச்சான் எனக்கு இடம் காட்டினார். "கைலிய நீதாண்டா தொவைக்கணும்" என்றபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு.

நீங்கள் போவதானால் டயர் பம்பும் பனையோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது எட்டு மணல் மூட்டை ஏற்றுங்கள். எங்கள் வண்டி தினமும் ஐந்தரைக்குக் கிளம்புகிறது. திரும்புகையில் மட்டும் இடம் கேட்காதீர்கள், எனக்கே கிடையாது.