எட்டுப் பக்கத்தில் இறந்த அப்பா

என் பெயர் சதீஷ்குமார். காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. ஊர் சாக்கோட்டைக்குப் பக்கம். என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதற்கு இதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது பெருமைப்படுகிற விஷயமும் இல்லை.

எங்கள் வகுப்பில் அசைன்மென்ட்டை யாரும் எழுதுவதில்லை, இறக்குவார்கள். சீனியர் எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்து எழுதுவதற்குத்தான் அந்தப் பெயர். இதற்கென்று ஓர் ஏற்பாடே உண்டு. ஒரே டவுன் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு ஃபைல். படித்து முடித்துப் போகிற அண்ணன்மார்கள் தங்கள் அசைன்மென்ட்டுகளை எல்லாம் அதே பஸ்ஸில் வருகிற அடுத்தவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். சாக்கோட்டை பஸ் ஃபைல் என் நண்பன் அஜித்திடம் இருந்தது. முதல் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டு, பெயரையும் ரோல் நம்பரையும் மாற்றினால் வேலை முடிந்தது. போன வருடம் இருந்த சார், தாளைக் கையில் வாங்கி, கனம் பார்த்து மார்க் போடுவார். கனமாக இருந்தால் ஐந்துக்கு ஐந்து. சாப்பாட்டுக்குப் பிந்திய பீரியடில் அவரும் தூங்குவார், நாங்களும் தூங்குவோம். ஒருவருக்கொருவர் தொந்தரவு கிடையாது.

இந்த வருடம் சித்ரா மேடம் வந்தார்கள். கௌரவ விரிவுரையாளர், சிவகங்கைக்காரர். வாய்மொழி வரலாறு என்று ஒரு பாடம். ராஜாக்களின் வரலாற்றை யாரோ எழுதிவிட்டார்கள், உங்கள் வீட்டு வரலாற்றை நீங்கள்தான் எழுத வேண்டும் என்று சொல்லி, வீட்டில் ஒருவரிடம் உட்கார்ந்து பேசி அவர் வாழ்க்கையை எட்டுப் பக்கம் எழுதி வரச் சொன்னார்கள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் வீட்டில் யாரைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதுவது? அப்பா வேல்பாண்டிக்கு இரண்டு ஏக்கர் கண்மாய்ப் பாசனம். கண்மாய் காய்ந்துவிட்டால் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவாள். இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று நினைத்தேன். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் தேறாது என்று அஜித்திடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

அவன் ஃபைலைத் துழாவி ஒன்றை எடுத்துக் கொடுத்தான். இதே பாடத்துக்குப் பாண்டிமுருகன் என்கிற சீனியர் எழுதியது. அவர் அப்பா தங்கச்சாமி, பழைய பெரிய வீடுகளைப் பிரித்து மரத்தை இறக்குகிற வேலை செய்தவர். வலையபட்டியில் ஒரு வீட்டைப் பிரிக்கும்போது உத்தரம் விழுந்து இறந்துபோனார். பாண்டிமுருகன் கொள்ளி வைத்தது, பதினாறாம் நாள் அவர் அம்மாவின் பூவையும் பொட்டையும் எடுத்தது என்று எல்லாமே அதில் இருந்தது. உண்மையில் நடந்தது.

நூலகத்தில் உட்கார்ந்து இறக்கினேன். தங்கச்சாமி வருகிற இடத்தில் எல்லாம் வேல்பாண்டி என்று மாற்றினேன். தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஐந்தாம் பக்கத்தில், வேல்பாண்டி அந்த இடத்திலேயே உயிரை விட்டார் என்று எழுதும்போது பேனா நின்றது.

“என்னடா நிப்பாட்டிட்ட?” என்றான் அஜித்.

“அப்பா செத்துப்போறாருடா.”

“ஆமா, மேடம் உக்காந்து படிக்கப் போறாகளாக்கும். எழுதுடா, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

எழுதினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதற்காக அப்பாவைக் கொன்றேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மேடம் உட்கார்ந்து படித்தார்கள். நாற்பத்திரண்டு பேருடையதையும் படித்தார்கள். அடுத்த வாரம் என்னுடையதைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்து, ஆறாம் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார்கள். பாதியில் குரல் கம்மிப்போய்ச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. அஜித் மட்டும் மேசைக்கடியில் குனிந்து கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. முதல் பெஞ்சு சத்தியப்பிரியா அதுவரை என்னை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அவள் தன் நோட்டை நீட்டி, “விட்டுப்போனதெல்லாம் எழுதிக்கங்க” என்றாள். மேடம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் “சாப்டியாப்பா?” என்றார்கள். தாமதமாக வந்தால் கேள்வி இல்லை. மூன்று வாரம் அப்பா இல்லாத பிள்ளையாக நான் சுகமாகத்தான் இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அப்பா இருந்தார்.

பிறகு பெற்றோர் கூட்டம் என்று கடிதம் கொடுத்தார்கள். நான் அதைக் கிழித்துப் பஸ்ஸிலிருந்து வெளியே போட்டேன். ஆனால் கல்லூரியிலிருந்து பெற்றோர் நம்பருக்கும் போன் போகும் என்பதை மறந்துவிட்டேன். சேரும்போது கொடுத்த நம்பர் அப்பாவுடையது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வகுப்பை விட்டு வெளியே வந்தால், துறை அறை வாசலில் அப்பா நிற்கிறார். கல்யாண வீடுகளுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, கரை வேட்டி. தலையைப் படிய வாரியிருந்தார்.

“காலேஜ்லருந்து போன் வந்துச்சுப்பா, வரச் சொன்னாக. நீ மறந்துட்ட போல” என்று சிரித்தார். அவரை எப்படியாவது வெளியே கூட்டிப் போய்விடலாம் என்று கையைப் பிடித்தேன். அதற்குள் உள்ளேயிருந்து மேடம் பார்த்துவிட்டார்கள்.

“சதீஷ், உள்ள வாப்பா. யாரு வந்திருக்காங்க?”

அப்பா அங்கே உட்கார்ந்திருந்த மற்றப் பெற்றோர்களையும் கும்பிட்டுக்கொண்டே உள்ளே போய் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“சித்தப்பா மேடம்.”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான் இருக்கும். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்ன இக்கட்டில் மாட்டிக்கொண்டாய் பிள்ளை என்று கேட்கிற பார்வை அது.

“உக்காருங்க” என்றார்கள் மேடம். “அண்ணன் போனதுக்கப்புறம் நீங்கதான் இவங்களைப் பாத்துக்கிறீங்களா?”

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“ஆமாம்மா” என்றார்.

“சதீஷ் எழுதினதைப் படிச்சு நான் அழுதுட்டேன். வலையபட்டியில அன்னைக்கு நீங்களும் கூட இருந்தீங்களா?”

“இல்லம்மா. நான் வெளியூர்ல இருந்தேன்.”

“எப்படிப்பட்ட மனுசன் உங்க அண்ணன்?”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “பெருசாச் சொல்ல ஒண்ணும் இல்லம்மா. பய படிச்சிரணும்னு ஆசப்பட்டாரு. அம்புட்டுத்தான்.”

சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றேன்.

மேடம் வருகைப் பதிவேட்டை எடுத்தார்கள். பெயர் கேட்டார்கள். அப்பா, திருப்பூரில் இருக்கிற தன் தம்பி பெத்தன் பெயரைச் சொன்னார். மேடம் எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார்கள். அப்பா பேனாவை வாங்கித் தாள் மேல் கொண்டுபோனார். அப்படியே நிறுத்தினார். பிறகு பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

“நான் கைநாட்டும்மா.”

என் அப்பா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். ஒரு பத்திரத்தை இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். அந்த மனிதர் பிற பெற்றோர்களுக்கு நடுவே, மகனின் கல்லூரியில், கைநாட்டு என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தியப்பிரியாவின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவர் இவரை இரக்கத்தோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பினார்.

துறையில் மை இல்லை. அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அங்கே மைப்பெட்டி காய்ந்து கிடந்ததாம், தண்ணீர் விட்டு நனைத்து எடுத்து வர நேரமானது. அவ்வளவு நேரமும் அப்பா இடது கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மை வந்தது. மேடமே அவர் கட்டைவிரலைப் பிடித்து, குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல, “இங்குட்டு வைங்க, உருட்டுங்க” என்றார்கள். அப்பா உருட்டினார்.

அப்பாவும் நானும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். விரலில் இருந்த மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே வந்தார். நிழலில் நின்றதும் கேட்டார்.

“எப்பிடிப்பா செத்தேன்?”

சொன்னேன். ஃபைல், பாண்டிமுருகன், உத்தரம், எல்லாவற்றையும் சொன்னேன். நடுநடுவே “ம்” கொட்டிக் கேட்டார். செத்துப்போனதாகச் சொன்னால் ஆயுசு கெட்டி என்பார்களே அப்பா என்று நானே அசட்டுத்தனமாகச் சொல்லிவைத்தேன்.

“அது தெரியாமச் சொன்னாத்தான். நீ தெரிஞ்சுல்ல எழுதியிருக்க.”

பிறகு, “உங்கம்மாவப் பத்தியும் அதுல இருக்கா?” என்றார்.

பதினாறாம் நாளை நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். மேடம் வாசித்து அழுத ஆறாம் பக்கம் அதுதான். தலையை ஆட்டினேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

“என்னையப் பத்தி என்ன வேணாலும் எழுதிக்க. அவ பூவுலயும் பொட்டுலயும் எதுக்குடா கைய வச்ச?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோட்டில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்க கையெழுத்தாச்சும் போட்டிருக்கலாம்லப்பா? எதுக்குக் கைநாட்டுன்னு சொன்னீக?”

“அடுத்தவன் பேர எழுதிக் கையெழுத்துப் போடுறது தப்பு. என் பேர எழுதுனா நீ மாட்டிக்குவ. ரேகைன்னா என்னோடதுதான, அதுல பொய் இல்லைல.” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். “அம்மாகிட்ட இதச் சொல்லிராத.”

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் என்னோடு எப்போதும்போலத்தான் பேசினார். அது இன்னும் மோசமாக இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே அம்மாவின் நெற்றியைப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு முன்னால் மேடத்தின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. பாண்டிமுருகனின் அசைன்மென்ட்டை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு வந்தவர் சித்தப்பா இல்லை, என் அப்பா என்பதையும் சொன்னேன்.

மேடம் பழைய தாள்களைப் புரட்டி ஆறாம் பக்கத்தில் நிறுத்தினார்கள். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அசைன்மென்ட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பதிவேட்டைத் திறந்து அந்த ரேகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?”

“தெரியும் மேடம். நல்லா எழுதுவாரு.”

“நான் அவரு விரலப் புடிச்சு உருட்டினேன்” என்றார்கள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள்.

“மை எடுத்துட்டு வர்றதுக்குப் பத்து நிமிசம் ஆச்சு சதீஷ். நீ அங்கதான நின்னுக்கிட்டிருந்த?”

ஆமாம். அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.