‘ஆயில்’ என்று ஒற்றை வார்த்தை

வியாழக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. கடையின் கண்ணாடி மேஜை மேல் ஒரு பம்ப் பாட்டில், பக்கத்தில் திருகு மூடி போட்ட சின்ன டப்பா. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

“அண்ணி, சன்ஸ்கிரீனைக் கழுவி எடுக்குறதுக்காம். ஒண்ணு ஆயில், ஒண்ணு பாம். எதை வாங்க? சீக்கிரம் சொல்லுங்க, கடைக்காரர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறாரு.”

என் நாத்தனார் கலைச்செல்விதான். நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். மெஷின் நடவுக்காக, பாய் மாதிரி சுருட்டி எடுக்கிற நாற்றங்கால் போட்டுக் கொடுக்கிறாள். குறுவை நடவு சமயத்தில் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை வெயிலில்தான் நிற்பாள். இரண்டு கன்னத்திலும் திட்டுத் திட்டாகக் கறுத்து மங்கு விழுந்துவிட்டது. தோல் டாக்டர் ஒரு சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்தார். வியர்த்தாலும் போகாது, மழையில் நனைந்தாலும் போகாது. கடைசியில் சோப்புப் போட்டாலும் போகவில்லை!

நான் அப்போது தஞ்சாவூர் கீழவாசலில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் பை, ஒரு கையில் போன். கட்டை விரலால் தட்டினேன் — ‘ஆயில்’.

அவ்வளவுதான். ஒற்றை வார்த்தை.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. பாம் என்பது கெட்டியாக இருக்கும். விரலால் வழித்து எடுத்து, உள்ளங்கையில் உருக்கி, முகத்தில் தேய்க்க வேண்டும். நாற்றங்காலில் சேறு அளைகிற கை, நகத்தில் எப்போதும் மண்… அந்த விரல் தினமும் டப்பாவுக்குள் போவது நல்லதா? தவிர, நம் ஊர் வெயிலில் பாம் டப்பாவுக்குள்ளேயே உருகி எண்ணெயாகத்தான் நிற்கும். ஆயில் என்றால் பம்பை ஒரு அமுக்கு. சரியான யோசனைதானே? மீன் வெட்டி முடிப்பதற்குள் இவ்வளவும் யோசித்துவிட்டேன் என்று எனக்கே கொஞ்சம் பெருமை.

மறுநாள் காலை பத்தரை இருக்கும். கலையிடமிருந்து போன்.

“அண்ணி… கண்ணு எரியுது அண்ணி. முழிக்கவே முடியல. மங்கலா இருக்கு. ஆளே தெரிய மாட்டேங்குது.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். கலைக்கு இடது கண்ணில் பார்வை கிடையாது. ஏழு வயதில் களத்தில் விளையாடும்போது நெற்கதிர் குத்தியது. புண்ணாகி, கண் போய்விட்டது. சாதாரணமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அவளும் சொல்லிக்கொள்ள மாட்டாள். நாற்று முளைத்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது, மகளுக்கு மெசேஜ் அனுப்புவது, ஊசியில் நூல் கோப்பது — எல்லாம் வலது கண் ஒன்றால்தான்.

“என்னடி பண்ணின?”

“இன்னைக்கு வெள்ளிக்கிழமையில்ல அண்ணி… தலைக்கு நல்லெண்ணெய் வச்சேன். மூஞ்சிக்கு நீங்க சொன்ன ஆயிலைத் தேய்ச்சேன். அப்படியே கண்ணுலயும் ஒரு சொட்டு விட்டேன்.”

“கண்ணுலயா! எப்ப?”

“அரை மணி நேரம் இருக்கும். எரிஞ்சுது. சூடு இறங்குதுன்னு நினைச்சு ஊற விட்டுட்டேன்.”

தப்பு அவளுடையதா? எங்கள் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் பல வீடுகளில் கண்ணிலும் ஒரு சொட்டு விடுவார்கள். எரியும். எரிந்தால் உடம்புச் சூடு இறங்குகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சிவந்த கண்ணோடு வந்தால்தான் எண்ணெய்க் குளியலே. ‘ஆயில்’ என்றால் எண்ணெய். எண்ணெய் என்றால் ஊற வேண்டும். அவள் அறிந்த முறைப்படி எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறாள்.

ஆனால் அந்தப் பாட்டிலில் இருப்பது நல்லெண்ணெய் இல்லையே. தண்ணீர் பட்டதும் பால் மாதிரி வெளுத்துக் கரைய வேண்டும் என்பதற்காகச் சோப்புக் குணமுள்ள ஒன்றைக் கலந்திருப்பார்கள். காய்ந்த முகத்தில் ஒரு நிமிஷம் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். பாமும் அப்படியேதான். இதை எழுத இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியை நான் அனுப்பவில்லை.

“கலை, உடனே தண்ணி ஊத்திக் கழுவு. நிறைய ஊத்து. குழாய் எங்க இருக்கு?”

“கரண்ட் இல்ல அண்ணி. டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்ல. குளிக்க எடுத்து வச்சது இருக்கு.”

“அதை ஊத்து!”

பாத்திரம் உருளுகிற சத்தம். அப்புறம் அவள் குரல்.

“ரெண்டு வாளி இருக்கு அண்ணி. ஒண்ணுல சீயக்காய் கரைச்சு வச்சிருக்கேன். எதுன்னு தெரியல.”

வெந்துபோன கண்ணில் சீயக்காய் பட்டால் என்ன ஆகும்?

“ஊத்தாதே! மோந்து பாரு. ரெண்டையும் மோந்து பாரு.”

நான் என் வீட்டுக் கூடத்தில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

“இது சீயக்காய்.”

“அதைத் தூரத் தள்ளி வை. தள்ளிட்டியா? இப்ப இன்னொண்ணுல கையை விட்டுப் பாரு. வழவழன்னு இருக்கா?”

“இல்ல. பச்சைத் தண்ணிதான்.”

“போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வை. கண்ணை விரலால விரிச்சுப் பிடிச்சுக்க. சொம்பு சொம்பா ஊத்து. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே.”

ஊற்றினாள். அய்யோ என்றாள். ஊற்றினாள். வாளி காலியாகிறவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ‘ஊத்து… ஊத்து…’ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நடுவில் அழுதாள். அவள் அழுது நான் கேட்டதில்லை.

அவள் கணவர் சேகர் வயலில் நடவு மெஷினோடு நின்றிருந்தார். மெஷின் சத்தத்தில் போன் மணி கேட்டிருக்காது. கலையின் அழுகை கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கூட்டிவந்தார். முழங்கால் வரை சேற்றோடு சேகர் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்கு வந்துவிட்டார். நான் கண் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன்.

ஈரத் துண்டைக் கண்ணில் அழுத்திக்கொண்டு கலை இறங்கினாள். நான் கையைப் பிடித்ததும் துண்டை விலக்கிப் பார்த்து, “யாரு? அண்ணியா?” என்றாள். ஒரு அடி தூரத்தில் நிற்கிறேன். அந்தக் கேள்வியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே பரிசோதிக்கிற பெண் வேலைக்குப் புதிது போல. எழுத்துப் பலகையைக் காட்டிவிட்டு, “இடது கண்ணைக் கையால மூடிக்குங்கம்மா” என்றது.

“அது முப்பத்தொம்பது வருஷமா மூடித்தான் இருக்கு” என்றாள் கலை.

அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. பலகையில் மேலே இருந்த பெரிய எழுத்து கலைக்குத் தெரியவில்லை. “கறுப்பா ஏதோ இருக்கு” என்றாள். சேகர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டர்கள் பேசாமல் பார்க்கும்போது நமக்கு எத்தனை சாமி ஞாபகம் வருகிறது!

“கருவிழியில மேல் தோல் மட்டும் உரிஞ்சிருக்கு. ஆழமாப் போகல. வீட்டுலயே நல்லாக் கழுவினீங்களா?”

“அண்ணிதான் கழுவச் சொன்னாங்க” என்றாள் கலை.

அந்த ஆயிலை வாங்கச் சொன்னதும் அண்ணிதான் என்று அவள் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மருந்து கொடுத்தார்கள். நான்கு நாள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். சாப்பாட்டுத் தட்டை அவள் கையில் கொடுத்து, சாதம் இந்தப் பக்கம், கூட்டு அந்தப் பக்கம் என்று சொல்வேன். ஐந்தாம் நாள் மறுபடி அந்தப் பலகை. பெரிய எழுத்தைப் படித்தாள். அடுத்த வரியைப் படித்தாள். அதற்கடுத்த வரியையும் படித்தாள். “போதும்மா” என்று அந்தப் பெண் சொல்லியும் நிறுத்தாமல் கடைசிப் பொடி எழுத்துவரை வாசித்தாள். நான் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

இந்த ஐந்து நாளும் ஒன்றையே யோசித்துக்கொண்டிருந்தேன். நம்மிடம் யாராவது ‘இதுவா, அதுவா?’ என்று கேட்டால் உடனே ஒன்றைக் கை காட்டிவிடுகிறோம். அதை வைத்து என்ன செய்யப்போகிறாய், எப்படிப் போடப்போகிறாய் என்று திருப்பிக் கேட்கிறோமா? கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆயிலா பாமா என்பதில் நான் யோசித்த காரணங்கள் இன்றைக்கும் சரிதான். ஆனால் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு ஒருத்தி கேட்கிறாள் என்பது அந்தக் காரணங்களில் எங்கேயுமே இல்லை. வழிந்து ஓடுகிற ஆயில் அவளுக்கு நல்லதா, போட்ட இடத்தில் நிற்கிற பாம் நல்லதா, அல்லது இரண்டுமே வேண்டாமா… அது டாக்டர் சொல்ல வேண்டியது.

ஆஸ்பத்திரி வாசலில் சேகர் பைக்கை எடுக்கப் போனார். கலை கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்:

“அப்ப நான் பாமே வாங்கியிருக்கலாமா அண்ணி?”

“எனக்குத் தெரியல கலை. மறுபடி உள்ள போயி டாக்டரைக் கேப்போம், வா.”

கலை கண்ணாடியைக் கழற்றி என்னை உற்றுப் பார்த்தாள். என் நெற்றியில் கை வைத்தாள்.

“என்ன அண்ணி, தெரியலன்னு சொல்றீங்க? உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”