கோதண்டம் அண்ணனின் ஊமை மைக்

செய்தி வந்தபோது மரக்காணம் பேருந்து நிலையத்தில், புதுச்சேரி வண்டியின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றிருந்தேன். ஒரு திருமண வரவேற்பில் மணமக்களை வாழ்த்தி, என் குரலால் மண்டபக் கூரையைப் பெயர்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு. கைப்பேசியில் அஞ்சலை அண்ணி. "உங்க அண்ணன் பூட்டாருப்பா" என்றார். பின்னால் ஒப்பாரி கேட்டது.

"மாமா, ஏறினா ஏறு, எறங்கினா எறங்கு" என்றார் நடத்துநர். ஏறினேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் குதித்து இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த வழியே ஓடினேன். எதிரே வந்த லாரிகள் ஒதுங்கி வழிவிட்ட ஓட்டம் அது. அன்று காலில் புகுந்த பரபரப்பு இன்னும் இறங்கவில்லை. இதையும் எழுதுவதும் எழுந்து நடப்பதுமாகத்தான் முடித்தேன்.

கோதண்டம் அண்ணனை அறிந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் அறிமுகப்படுத்துவது என் தொழில். மைக் செட் வாடகைக்கு விடும் சவுண்ட் சர்வீஸ் அவருடையது. மேடையேறி வரவேற்று, வாழ்த்தி, நன்றி சொல்லும் வாய் என்னுடையது. காதுகுத்து, கட்சிக் கூட்டம், மாதா கோயில் தேர், எதுவானாலும் எனக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் அருகே ஒரு மடக்கு நாற்காலியில் அவர் இருப்பார். என் பேச்சைக் கேட்டு உப்பளத்தில் உப்பு ஒரு நாள் முன்னதாகவே விளைந்தது என்று நான் மேடையில் சொன்னால், முதல் ஆளாகச் சிரிப்பவர் அவர்தான். "இவன் சொல்றதுல முக்கால் கழிச்சிக்கணும்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். அந்த வாக்கியம் பின்னால் என்னை என்ன பாடு படுத்தப் போகிறதென்று அப்போது எனக்குத் தெரியாது.

தொழிலில் அவருக்கு ஒரு அனிச்சைப் பழக்கம் இருந்தது. ஒரு கல்யாணத்தில் நான் முழங்கிக்கொண்டிருந்தபோது மைக் செத்துவிட்டது. பக்கவாட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை, வாய் தன் பாட்டுக்கு அசைகிறது. அண்ணன் கை என்ன செய்தது தெரியுமா? மைக்கைத் தொடவில்லை. முதலில் பாட்டைச் சுத்தமாக இறக்கியது. பிறகுதான் வயரைத் தடவிக்கொண்டு வந்தார். கேட்டதற்கு, "பேசறவன் வாய் ஆடுது, சத்தம் வரலன்னா மத்ததையெல்லாம் மொதல்ல நிறுத்திடணும்பா. அப்பத்தான் கோளாறு எங்கன்னு கேக்கும்" என்றார். "ஏத்தறதுக்கு எவனுக்கும் தெரியும். எறக்கறதுக்குத்தான் கை வேணும்." இந்த வட்டாரத்துச் சவுண்டுக்காரர்கள் அத்தனை பேர் கைக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். அக்டோபர் முதல் வாரம் வன உயிரின வாரம். எங்கள் ஊரில் அதை முதன்முதலாகக் கொண்டாடலாம் என்று கிளப்பிவிட்டவன் நான். அந்த வருடம் பூநாரைகள் சீக்கிரமே வந்து உப்பளத் தண்ணீரில் இறங்கியிருந்தன. பறவைகளுக்கு விழா என்றால் பறவைகளின் எதிரிலேயே எடுக்க வேண்டாமா? கரையில் பந்தல். எட்டுக் குழாய் ஒலிபெருக்கிகள், எட்டும் தண்ணீரைப் பார்த்தபடி. விருந்தாளிகள் அவைதானே! பள்ளிப் பிள்ளைகள் அட்டை இறக்கை கட்டி நின்றார்கள். வானூரிலிருந்து வந்த அதிகாரி காரைவிட்டு இறங்கியதும் பத்தாயிரம் வாலா சரவெடி. மேளம். அதற்கும் மேலே என் குரல்: "கடல் கடந்து வந்த எங்கள் செல்ல விருந்தினர்களே, வருக, வருக!"

இரண்டாவது 'வருக'வுக்குள் விருந்தினர்கள் மொத்தமாக எழுந்து, இளஞ்சிவப்பாக ஒரு சுற்றுச் சுற்றிக் கழுவெளி ஏரிப் பக்கம் போய்விட்டார்கள். ஒரு கொக்குகூட மிச்சமில்லை. அதிகாரி வெறும் தண்ணீருக்கு எதிரில் நின்று பறவைப் பாதுகாப்பு பற்றி அரைமணி நேரம் பேசினார்.

விழா முடிந்தும் அண்ணன் குழாய்களைக் கழற்றாமல் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ வேடிக்கை பேசப் போனேன். "வரவேற்புரை நீ படிச்ச. என் செட்டு தொரத்துச்சு" என்றார். "சத்தம் போடறது நம்ம பொழப்பு. அதுங்க இன்னா பண்ணுச்சுங்க?" அதன்பின் நான் அவரிடம் அன்று பேசவில்லை. எனக்கு அது ஒரு சாதனை.

அடுத்த அக்டோபரில், "இந்த வருஷம் சவுண்டு நானே ஃப்ரீயா தர்றேன்" என்றார். வந்தார். கையில் ஒரே ஒரு மைக், அதன் வாலாக ஒரு வயர். நான் கனைத்துக்கொண்டு தொடங்கினேன். ஒன்றும் கேட்கவில்லை. வயரைப் பின்தொடர்ந்து பார்த்தேன்; நுனியில் பிளக் இல்லை, வெறும் வயர் மண்ணில் கிடந்தது. அண்ணன் உதட்டில் விரல் வைத்தார். "பேசு. நல்லா பேசு. வாயை மட்டும் அசை." பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். தலைமை தாங்கியவர் என் காதருகே குனிந்து, "நானும் இப்படித்தான் பேசணுமா?" என்று கிசுகிசுத்தார். பறவைகள் கூட்டம் முடியும்வரை இருந்தன. அன்றிலிருந்து வருடா வருடம் எங்கள் ஊர் விழா அப்படித்தான். வருடத்தின் மற்ற நாட்களில் நான் சிங்கம். அந்த ஒரு நாள் கண்ணாடித் தொட்டி மீன்.

சென்ற அக்டோபரில் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு கரைக்குத் தூக்கி வந்தோம். மூச்சு வாங்கியது. பிள்ளைகள் போனபிறகு, நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது சொன்னார்: "ஏம்பா, என்னைத் தூக்கினு போறப்ப இந்தக் கரை வழியாத்தான் போவணும். சுடுகாடு அந்தாண்ட இருக்குது. அன்னிக்கு இங்க வெடி வெடிச்சானுங்கன்னா நான் எழுந்திரிச்சு வந்து நிறுத்த முடியாது. நீதான் பாத்துக்கணும்." நான் மார்பில் அறைந்து சத்தியம் செய்தேன். "ஊர்வலத்துக்கு முன்னால் மலையாக நிற்பேன் அண்ணே." "மலையெல்லாம் வேணாம். நின்னா போதும்" என்றார்.

செய்தி வந்த அந்த நாள் மாசி மாதம். உப்பளம் பூராவும் பூநாரைகள். வேட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் தெருவுக்குள் ஓடி வந்தால், ஆறு குட்டி யானை வண்டிகள் ஒலிப்பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கிக்கொண்டு நிற்கின்றன. சுற்று வட்டாரச் சவுண்டுக்காரர்கள் தங்கள் மூத்தவருக்குத் தொழில் மரியாதை செய்ய வந்துவிட்டார்கள். தலைமை வானூர் சேகர். அண்ணனின் தங்கை மகன் குமார் சரவெடிக் கட்டுகளை அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"டேய் சேகர், தெருவோட நிறுத்திக்க. கரையில வேணாம். அவரே என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு."

"எப்ப சொன்னாரு? யார் எதிர்ல?"

"நாங்க ரெண்டு பேர்தான் இருந்தோம்."

"மாமா, நீ சொல்றதுல முக்கால் கழிச்சிக்கணும்னு அவர்தான் சொல்லுவாரு." சேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சவுண்டுக்காரனையே சத்தமில்லாம தூக்கினு போனானுங்கன்னு நாளைக்கு ஊர் சிரிக்கும். அந்த அசிங்கம் எங்களால ஆவாது."

குமாரிடம் போனேன். அவனோ, தன் பாட்டியின் பதினாறாம் நாள் காரியத்தில் நான் சொன்ன ஒரு பொய்யை நினைவூட்டினான். அண்ணியிடம் போகப் பார்த்தேன். பெண்கள் கூட்டம் சுவராக நின்றது. திரும்பச் சேகரிடம், திரும்பக் குமாரிடம். முழுசாக ஒரு மணி நேரம், என் வாழ்நாளின் மிகச் சிறந்த பேச்சைப் பேசினேன். ஆறு வண்டியிலும் "செக், செக்" ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு ஆத்மாவுக்கும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க வானத்தை வில்லாக வளைத்தவன், ஒரு தடவை உள்ளதைச் சொன்னால் எவனும் நம்பவில்லை.

பூப்பாடை எழுந்தது. பாட்டும் மேளமும் சேர்ந்து தெருவே அதிர்ந்தது. நான் அவர் செட்டு வைக்கும் கொட்டகைக்குள் புகுந்து, ஆணியில் தொங்கிய அந்த ஊமை மைக்கை உருவிக்கொண்டு, கொல்லை வழியாக ஓடித் தெருமுனைக்குப் போனேன். அங்கேதான் பெண்கள் நின்றுகொள்வார்கள். அங்கேதான் கரை தொடங்குகிறது. வழியின் நடுவில் நின்று, மைக்கை வாயருகே பிடித்து, பேசத் தொடங்கினேன். வாயை மட்டும் அசைத்தேன். அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அது என்னவென்று எழுத மாட்டேன்.

முன் வண்டியில் இருந்த சேகர் என்னைப் பார்த்தான். என் வாய் ஆடுகிறது, சத்தம் வரவில்லை. அவன் கை யோசிக்கவில்லை. பாட்டு இறங்கியது. பின்னால் ஐந்து வண்டிகளிலும் ஐந்து கைகள் இறங்கின. பாட்டு நின்றதும் மேளமும் தடுமாறி நின்றது. சேகர் குதித்து, மைக்கிலிருந்து வயரைத் தடவிக்கொண்டே போனான். மண்ணில் கிடந்த நுனியை எடுத்தான். பிளக் இல்லை.

"இது அவரோட அக்டோபர் மைக்காச்சே" என்றான்.

அந்த அமைதியில்தான் எல்லோருக்கும் கேட்டது. தண்ணீரில் நூற்றுக்கணக்கான பூநாரைகள் தங்களுக்குள் முனகிக்கொண்டு மேயும் சத்தம். தெருமுனையில் அஞ்சலை அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு, "குமாரு, தீப்பெட்டிய உள்ள வைடா" என்றார். "அப்படியே போங்க. அவருக்கு இதான் புடிக்கும்."

செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. கரை முழுக்கக் கடந்தோம். ஒரே ஒரு பறவை கழுத்தைத் தூக்கி எங்களைப் பார்த்தது. பிறகு தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டது. ஒன்றுகூடப் பறக்கவில்லை. இதில் முக்கால் கழிக்க வேண்டாம். அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மைக்கை அண்ணி எனக்கே கொடுத்துவிட்டார். வெளியே பேசக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அதை எடுத்து நகத்தால் ஒரு தட்டுத் தட்டுகிறேன். ஒன்றும் கேட்காது. பின்னால் மடக்கு நாற்காலியில் யாரும் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. இருப்புக் கொள்ளாமல் கிளம்பிவிடுகிறேன்.

அக்டோபரில் கரைக்கு வாருங்கள். அவரைப் பற்றி நான்தான் பேசுகிறேன். ஒரு சொல்லும் கேட்காது.