ஏழு கடை மடிப்பிச்சை

எழுத்து கோணலாகவும் பிழையாகவும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் திராட்சைப் பெட்டிகளின் மேல் ஊர்ப் பெயர்தான்.

மாசி மாதம் நான் இத்தாலியில், நேப்பிள்ஸ் என்ற ஊரில் இருந்தேன். மருமகனுக்கு அங்கே பல்கலைக்கழகத்தில் வேலை. மகள் இரண்டாம் முறையாக முழுகாமல் இருந்தாள். முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. இப்போதும் மூன்றாம் மாதம். தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. இன்னும் எடை குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவள் போயிருப்பாள். இல்லாததால் நான் போனேன். போய் என்ன செய்தேன்? ரசம் வைத்தேன், அந்த வாடைக்கே எழுந்து ஓடினாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அவள் ஓங்கரிப்பதைக் கேட்டேன். அவ்வளவுதான்.

ஒரு நாள் அந்தக் கதவடியில் நின்றபடியே வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். ஏழு வாசலில் மடிப்பிச்சை எடுத்து வந்து ஊட்டுகிறேன் தாயே, அது என் பிள்ளை வயிற்றில் நிற்கட்டும். நேர்ந்த பிறகுதான் பயம் வந்தது. மடிப்பிச்சை என்றால் வாசலில் துண்டை ஏந்தி நின்று, போடுவதை வாங்க வேண்டும். அந்த ஊரில் எந்தக் கதவைத் தட்டுவேன், எந்தப் பாஷையில் கேட்பேன்? டீயில் சர்க்கரை குறைவு என்று சொல்லக்கூட வெட்கப்படுகிறவன் நான்.

அடுத்த வாரம் மருமகன் ஒரு டிக்கெட்டைக் காட்டினார். கர்ப்பம் தெரியும் முன்பே வாங்கி வைத்தது.

"மாமா, ஊரைச் சுத்திக் காட்டிக்கிட்டே திங்கக் குடுப்பாக. நடந்தேதான். ஏழு கடை. இவ இருக்கிற இருப்புல நாங்க எங்கிட்டுப் போறது? நீங்க போயிட்டு வாங்க."

"போயிட்டு வாப்பா. இந்த வீட்டுல ஒரு வயிறாச்சும் ரொம்பட்டும்" என்றாள் மகள், கட்டிலில் கிடந்தபடி.

ஏழு என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. துண்டைத் துவைத்துக் காயப்போட்டேன்.

மருமகன் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். சின்னக் கூட்டம். மஞ்சள் குடை பிடித்த ஒரு பெண் இங்கிலீஷில் பேசிக்கொண்டே முன்னால் நடந்தாள். குறுகிய சந்துகள். தலைக்கு மேல் வீட்டுக்கு வீடு கயிறு கட்டித் துணி காய்ந்தது. முதல் கடையில் தண்ணீரில் மிதந்த வெள்ளைப் பாலாடைக்கட்டி. எல்லோரும் எடுத்து வாயில் போட்டார்கள். நான் துண்டை விரித்து இரண்டு கைகளிலும் ஏந்தினேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். குடைக்காரி ஏதோ கேட்டாள். உடம்பெல்லாம் வியர்த்தது. ஆனாலும் கையை இறக்கவில்லை.

கூட்டத்தில் ஒரு மலையாளப் பெண் இருந்தாள். அந்த ஊரில் நர்ஸ்.

"எந்தா சேட்டா, கழிக்கணில்லே?" சாப்பிடவில்லையா என்கிறாள்.

குமுளிக்குத் திராட்சை ஏற்றிப் போய்ப் பழகிய மலையாளத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குடைக்காரியிடம் சொன்னாள், குடைக்காரி கடைக்காரரிடம் சொன்னாள். அவர் கட்டியைக் காகிதத்தில் சுற்றி, என் துண்டில் மெதுவாக வைத்தார்.

அடுத்த கடையில் எண்ணெயில் பொரித்த பீட்சா. அதற்கடுத்த கடையில் பன்றிக்கறி. அம்மனுக்கு நேர்ந்த துண்டில் கறி விழலாமா? பின்வாங்கினேன். ஒரு வாசல் குறைகிறதே என்று கடையை விட்டு நகராமல் நின்றேன். நர்ஸ் அந்தக் கடையிலேயே கொஞ்சம் ரொட்டி கேட்டு வாங்கித் துண்டில் போட்டாள்.

"அம்மைக்கு இது போரே?" அம்மனுக்கு இது போதாதா என்று சிரித்தாள்.

பிறகு மிளகு பிஸ்கட், ஏடு ஏடாக உதிர்கிற இனிப்பு, பொரித்த சோற்று உருண்டை. எனக்கும் பசிதான். பிள்ளைக்கென்று வாங்கியதை நான் எப்படித் தின்பது? மற்றவர்கள் விரலை நக்கிக்கொண்டு, சிரித்துப் பேசி நடந்தார்கள். நல்ல தீனி என்று அவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

கடைசிக் கடை தெருமுனையில் இருந்த ஒரு சோடாக் கடை. கடைக்காரி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, சோடா ஊற்றி, மேலே ஆப்பசோடா மாவு போட்டாள். குபுகுபுவென்று பொங்கியது. காலை அகட்டிக் குனிந்து ஒரே மூச்சில் குடிக்க வேண்டுமாம். இதை எப்படித் துண்டில் வாங்குவது? பாட்டிலில் தருவார்களா என்று கேட்டேன்.

"கொண்டுபோனா கேஸ் போயிடும் சேட்டா. இவிடே குடிக்கணும்."

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நுரை கையிலும் சட்டையிலும் வழிந்தது. குடி குடி என்று எல்லோரும் கத்தினார்கள், கைதட்டினார்கள். நான் ஒரு வாய் குடித்துவிட்டு அழுதேன். ஆறு வாசல்தான் ஆயிற்று. புளிப்பு தாங்கவில்லை போல என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

வீட்டில் துண்டை அவிழ்த்ததும் எண்ணெய் வாடை எழுந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். மருமகன் மூட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவள் சுவரைப் பிடித்துத் திரும்பி வந்தாள். கால் தள்ளாடியது. போய்த் தாங்கினேன். என் தோளில் சாய்ந்தவள் முகத்தை எடுக்கவில்லை.

"உன் சட்டையில என்னப்பா, எலுமிச்சம்பழ வாடை?"

சொன்னேன். நேர்ந்துகொண்டதையும், காலை அகட்டி நின்றதையும் சொன்னேன்.

"நீயா? அத்தனை பேரு முன்னாடியா?" மூச்சு வாங்கச் சிரித்தாள். "யப்பா, ஏழாவது வாசல் பிச்சைய சட்டையில வாங்கிட்டு வந்திருக்க. மாத்தாத, அப்படியே இரு."

"ஏதாச்சும் வேணுமா ஆத்தா?"

"அந்தத் தண்ணி கெடைக்குமா?"

மருமகன் ஓடிப்போய்ப் பழம் வாங்கி வந்தார். பிழிந்து, உப்புப் போட்டு, கரண்டியில் கொடுத்தேன். கிண்ணத்தை அவள் வாயருகே பிடித்தபடி காத்திருந்தோம். வாந்தி வரவில்லை. இன்னொரு கரண்டி கொடுத்தேன். அதுவும் நின்றது.

மறுநாள் மறுபடியும் வாந்தி. ஆனாலும் அந்தத் தண்ணீரில் பாதியாவது நின்றது. குழாய் போடவில்லை. விசா முடிந்து நான் ஊர் திரும்பினேன். என் பயம் மட்டும் தீரவில்லை. நேர்ந்தது ஏழு வாசல் சோறு. அதில் ஒரு பருக்கைகூட அவள் வாயில் படவில்லை. அவள் குடித்தது காசுக்கு வாங்கிய பழம். சட்டையில் சிந்தியதை அம்மன் கணக்கில் எடுத்துக்கொள்வாளா? யாரிடம் கேட்பது?

"டாக்டர் என்ன சொன்னாக தாயி?" என்று போனில் கேட்கிறேன்.

"நல்லா இருக்குன்னு சொன்னாகப்பா" என்கிறாள். தினமும் அதே குரலில் சொல்கிறாள். எனக்காகச் சொல்கிறாளோ என்று போனை வைத்த பிறகும் நின்றுகொண்டிருக்கிறேன்.

பலமுறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்று எழுதிவிட்டேன். பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

சுருளிப்பட்டி, சித்திரை பன்னிரண்டு, சனிக்கிழமை.