இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே

என் மேசை இழுப்பறையில், தீர்ந்துபோன பேட்டரிகளுக்கும் மூடி தொலைந்த பேனாக்களுக்கும் நடுவே, ஒரு முழம் வெள்ளை நூல் கிடக்கிறது. ஒரு முனையில் துருப்பிடித்த நட்டு. மேலே நெருக்கமாக இரண்டு முடிச்சுகள். என் மனைவி இரண்டு முறை அதைக் குப்பையில் போட்டாள். இரண்டு முறையும் கூடையைக் கிளறி எடுத்தேன். படித்த மனுஷன் செய்கிற வேலையா இது என்றாள். படித்த மனுஷன் செய்த வேலையால்தான் அது என்னிடம் வந்தது.

சுனாமி வந்துபோன மறு வருடம், தட்டாஞ்சாவடியில் ஃபைபர் படகு செய்யும் பட்டறை ஒன்றில் எஞ்சினியராகச் சேர்ந்தேன். கண்ணாடி இழையை விரித்து, ரெசின் என்ற பிசினை ஊற்றி, அடுக்கடுக்காகப் படகைக் கட்டுவார்கள். கரை முழுக்கப் படகு இழந்தவர்கள். பட்டறைக்கு மூச்சுவிட நேரமில்லை. என் வேலை, படகின் அடித்தகட்டில் நகத்தளவு ஸ்ட்ரெயின் கேஜ்களை ஒட்டுவது. பாரம் ஏறித் தகடு வளைந்தால் அதன் தோல் இம்மியளவு நீளும். அந்த நீட்சியையும் தகட்டின் தடிமனையும் கணினிக்குச் சொன்னால், தகடு எவ்வளவு தொய்ந்தது என்று அது சொல்லும். நடுக்கடலில் ஸ்கேல் வைத்து அளக்க முடியாதல்லவா? முதலாளிக்கு இது பெருமை. எனக்கு அதைவிடப் பெருமை. ஒட்டுவதற்குள் என் விரல்களே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பது தனிக்கதை.

ரெசின் பூசுகிறவர்களில் ஒருவரை எல்லோரும் மில் அக்கா என்போம். நூல் மில்லில் பல வருடம் இருந்து, வேலை நின்றதும் இங்கே வந்தவர். முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். அதிகம் பேசமாட்டார். இரண்டு பிள்ளைகளும் அவர் கூலியில்தான் படித்தார்கள்.

அன்று வீராம்பட்டினத்து மீனவர் ஒருவருடைய படகுக்குச் சோதனை. படகைக் கட்டைகள்மேல் தூக்கி நிறுத்தி, உள்ளே மணல் மூட்டைகளை அடுக்கினோம். கணினி, தொய்வு ஆறு மில்லிமீட்டர் என்றது. பத்து வரை போகலாம் என்பது எங்கள் வரம்பு. நான் அறிக்கையை எழுதத் தொடங்கியபோது அக்கா பக்கத்தில் வந்து நின்றார். படகுக்கு அடியில், தகட்டின் நடுவில் நூலை ஒட்டி, நட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தரையில் ஊன்றிய கம்பியின் நுனிக்கு நேராக, மூட்டை ஏற்றுமுன் ஒரு முடிச்சு, ஏற்றிய பின் ஒரு முடிச்சு.

"தம்பி, இத ஒருக்கா அளந்து பாரேன்."

முடிச்சுக்கு முடிச்சு அளந்தேன். பன்னிரண்டு.

"நூல் நீளும்க்கா. நட்டு வேற கட்டித் தொங்கவிட்டிருக்கீங்க, பாவம் அது இன்னா பண்ணும்?"

"எத்தினி வருசம் நூலுலயே கெடந்தேன். நீளுற நூலு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்போ நாளையிலேருந்து கம்ப்யூட்டர வித்துட்டு நூல்கண்டு வாங்கிடலாம்."

பட்டறையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. நூலைக் கையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் படகுக்காரர் கற்பூரத்தோடு வந்தார். கேஜ்களைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஒடம்பெல்லாம் பிளாஸ்திரி போட்டு வெச்சிருக்கீங்க, படகுக்கு ஜொரமா?" என்றார். பிறகு தகட்டைத் தட்டி, "தாங்குமா சார்?" என்று கேட்டார்.

"படகு தாங்கும். நீங்க தாங்குவீங்களான்னு பாத்துக்குங்க" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சொன்ன நகைச்சுவைகளில் இன்றுவரை வார்த்தை மறக்காதது அது ஒன்றுதான்.

ஒரு மாதம் கழித்து அந்தப் படகின் அடித்தகடு கடலில் பிளந்தது. கூடப் போன இருவரையும் வேறொரு படகு தூக்கியது. படகுக்காரர் கரை ஒதுங்க இரண்டு நாளாயிற்று.

உடைந்த படகை டெம்போவில் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கினார்கள். தகடு உடைந்திருக்கவில்லை, இரண்டாக உரிந்திருந்தது. உள்முகம் கண்ணாடிபோல வழவழவென்றிருந்தது. ஒட்டியதற்கான தடயமே இல்லை. கணினியில் அன்றைய கணக்கைத் திறந்தேன். தடிமன் என்ற கட்டத்தில் பத்து மில்லிமீட்டர் என்று தட்டியது நான்தான். கனத்த ஊத்தப்பம் ஒன்று என்று நினைத்துப் போட்ட கணக்கு. உள்ளே இருந்ததோ ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டு தோசைகள். அப்படிப் பிரிந்த தகடு வளையும்போது தோல் பாதிதான் நீளும். கணக்கும் பாதிதான் காட்டும். ஆறுக்குப் பன்னிரண்டு. சரிபாதி. தகடு உள்ளே பிரிந்திருக்கிறது என்று, நான்கு வருடம் படித்தவனுக்கு அந்தச் சரிபாதி ஒன்றே கத்திச் சொல்லியிருக்க வேண்டும். நான் நூலைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

அக்காவைத் தேடிப் போனேன். கழுவுதொட்டியருகே நின்றிருந்தார்.

"சனிக்கெழம பாதி அடுக்குதான் போட்டோம் தம்பி. மழ புடிச்சிக்கிச்சு. திங்கக்கெழம காஞ்சி கெடந்துது, உப்புத்தாளு போட்டுத் தேச்சாத்தான் மேல போடுறது ஒட்டும். மொதலாளி நேரமில்லன்னாரு. போட்டுட்டோம்."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா என் வேல போயிடும். அதான் நூல நீட்டுனேன். அதுக்கு மேல எப்பிடிப்பா சொல்றது?"

முதலாளியிடம் போய், அந்த வாரம் போட்ட மற்ற இரண்டு படகுகளையும் திரும்ப வாங்கவேண்டும் என்றேன். பயந்துபோய் வாங்கினார், உடைத்தார். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல் அது, அதுவும் பாதிதான். தேய்க்காமல் பூசியது யார் என்று அவர் கேட்டார். தேய்க்க நேரம் தராதது யார் என்று யாரும் கேட்கவில்லை. அளந்தது யார் என்றும் கேட்கவில்லை. வாய் ஓயாதவன் என்று பெயரெடுத்த நான் அன்று வாயைத் திறக்கவில்லை. அக்கா அந்த வாரமே வேலையிலிருந்து நின்றார். போகும்போது நூலை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இப்போது வேறு ஊரில் காற்றாலை இறக்கைகளுக்குக் கேஜ் ஒட்டுகிறேன். கணினி நல்லது, சம்பளம் நல்லது, நகைச்சுவை மட்டும் அதே தரம். நேற்றும் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நூலை ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். பருத்திதானே, இத்தனை வருடத்தில் கொஞ்சமாவது சுருங்கியிருக்கும் என்று ஓர் ஆசை.

பன்னிரண்டு.