மூன்று மக் பிளாஸ்டர்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் யாரையும் பிடித்து உட்கார வைக்கப் போவதில்லை. இது நடந்தது. என் கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது. அவளுக்குக் கதை கட்டத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் காது இரண்டும் சிவந்து மாட்டிக்கொள்வாள். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரவேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. இது ஞாயிற்றுக்கிழமை மதியம், மணி மூன்று பன்னிரண்டுக்கு ஆரம்பித்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

எங்கள் கலைக்கூடம் அப்படியொன்றும் பெரிய இடமில்லை. மூன்று அறை, ஒரு கூடம், மேலே ஒரு மாடி. முன்னறையில் காலையில் பிள்ளைகளுக்குக் காகித மடிப்பு, சாயங்காலம் ஓய்வுபெற்றவர்களுக்கு நீர்வண்ணம். மாடியில் நடன வகுப்பு. அவர்கள் குதிக்கக் குதிக்க எங்கள் தலையில் சுண்ணாம்பு உதிரும். நான் வாசல் மேஜையில் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொள்கிறவள். அக்கா பின்னறையில் கை வார்க்கச் சொல்லிக்கொடுக்கிறவள்.

கை வார்ப்பது பெரிய வித்தை இல்லை. பல் டாக்டர்கள் பல் அளவெடுக்க ஒரு மாவு வைத்திருப்பார்கள், இளஞ்சிவப்பு நிறத்தில். அதைத் தண்ணீரில் கரைத்து வாளியில் ஊற்றவேண்டும். இரண்டு பேர் கைகோத்து அதற்குள் விட்டு அசையாமல் நிற்கவேண்டும். ஆறேழு நிமிஷத்தில் மாவு ரப்பர் மாதிரி இறுகிவிடும். கையை மெதுவாக உருவினால் உள்ளே கை இருந்த இடம் பள்ளமாக நிற்கும். அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் ரப்பரை உரித்தால் கைகள் அப்படியே வரும். ரேகை, நகம், தழும்பு, எதுவும் தப்பாது. உள்ளே என்ன இருந்ததோ அதுதான் வரும்.

ஆண்டுக் கண்காட்சியில் எங்களுக்கு ஒரு வழக்கம். ஒரே ஒரு வாளியை மட்டும் உரிக்காமல் வைத்திருந்து, வந்தவர்கள் கண்ணெதிரில் உரித்துக் காட்டுவோம். எப்படி வந்திருக்கிறது என்று உரிக்கிறவருக்கே தெரியாது. இந்த வருஷம் அதற்கு ஒரு புருஷன் பெண்டாட்டி ஒத்துக்கொண்டிருந்தார்கள். என்ன சண்டையோ, அன்று காலையில், இந்த ஆள் கையை நான் தொடமாட்டேன் என்று அந்தம்மா போன் பண்ணிவிட்டார். மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நீங்களே உங்க பொண்ணோட செஞ்சிடுங்களேன்" என்றார் அக்காவிடம்.

அக்கா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குக் காரணம் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏரியில் படகு கவிழ்ந்தது. அக்காவும் இரண்டு பிள்ளைகளும் தண்ணீரில். ஏழு வயதுப் பெண், நாங்கள் பூனை என்று கூப்பிடுவோம், அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து வயதுப் பையன், வாலு என்று கூப்பிடுவோம், பெயருக்கேற்றவன், அம்மாவின் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். அக்காவுக்கு அரைகுறை நீச்சல். மூன்று பேரும் மேலே வந்தார்கள், கீழே போனார்கள். மூன்றாவது தடவை மேலே வந்தபோது மணிக்கட்டு லேசாக இருந்தது. படகுக்காரர் வந்து இரண்டு பேரைத்தான் இழுத்துப் போட்டார்.

"கை நழுவிடுச்சு" என்றாள் அக்கா. அன்று அவள் காது சிவக்கவில்லை. நான் பார்த்தேன்.

மாமா, அதாவது அக்காவின் புருஷன், அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அதற்குப் பதில் ஒன்று செய்தார். அன்றிலிருந்து எதையும் அவள் கையில் கொடுப்பதில்லை. காபி டம்ளரானாலும் மேஜையில் வைப்பார். "உன் கையில கொடுத்தா நழுவிடும்." தெருவைத் தாண்டும்போது பூனையின் கையை அவர்தான் பிடிப்பார். அக்கா பின்னால் நடப்பாள். இரண்டு வருஷம் இப்படி. இதற்கு நாலு அறை கொடுத்திருக்கலாம் பாவி.

ஆக, மேனேஜர் கேட்டபோது அக்கா மனதில் ஓடியது இதுதான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு மகள் கையைப் பிடிக்கலாம். சாயங்காலம் மாமாவும் வருகிறார். கோத்த கைகள் உரித்துக்கொண்டு வெளியே வருவதை நாலு பேர் முன்னால் பார்த்தால் அந்த மனுஷன் மனசு கொஞ்சமாவது இளகாதா. அவள் ஒத்துக்கொண்டாள்.

மணி மூன்று பன்னிரண்டு. மாவைக் கரைத்தாள். மூன்று பதினான்குக்கு இரண்டு பேரும் வலது கையை விட்டார்கள். அக்கா பூனையின் விரல்களை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். ஒன்பது வயதில் விரல் எவ்வளவு நீண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று பதினாறு. மணிக்கட்டைச் சுற்றி ஏதோ இறுகியது. மாவு இறுகும்போது லேசாக அப்படித்தான் இருக்கும். ஆனால் அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறுகும். இது மணிக்கட்டில் மட்டும் இருந்தது. சில்லென்று இருந்தது.

மாவை அவள் வெதுவெதுப்பான தண்ணீரில்தான் கரைத்திருந்தாள்.

மூன்று பதினேழு. பூனையின் விரல்கள் அவள் உள்ளங்கையிலிருந்து மெதுவாக வெளியே போயின.

"நகராத. அச்சு கெட்டுடும்."

"கொஞ்சம் இரும்மா."

"என்ன பண்ற?"

"ஒண்ணுமில்ல."

பூனை கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இறுகிப்போன பாட்டில் மூடியைத் திறக்கிறவர்கள் முகம் மாதிரி இருந்தது அந்த முகம்.

வாளிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

டக்.

கொஞ்ச நேரம் கழித்து, இன்னொன்று.

டக்.

"நெட்டி முறிச்சியா?"

"இல்ல."

மூன்று இருபத்திரண்டு. மாவு இறுகிவிட்டது. அக்கா கையை உருவினாள். காற்று பிடித்து விடுகிற சத்தம், ப்ளக். பூனை உருவினாள். ப்ளக். இரண்டு பேரும் துண்டில் கை துடைத்துக்கொண்டிருந்தார்கள். வாளி தனியாக மேஜைமேல் இருந்தது.

ப்ளக்.

மேலே இரண்டு துளை இருக்கவேண்டும். இருந்தது. அவற்றுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று... சின்னதாய். ஒரு எலுமிச்சம்பழம் நுழையலாம். காற்றுக்குமிழ் வெடித்திருக்கும் என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பூனையிடம் காட்டவில்லை. பூனையும் வாளிப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்துப் பிளாஸ்டர். ஒரு பெரியவர் கை, ஒரு பிள்ளை கை என்றால் இரண்டு மக் போதும். ஆறு வருஷமாக ஊற்றுகிறாள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். முதல் மக் உள்ளே போனது. இரண்டாவது போனது. வாளி நிறையவில்லை. இன்னும் ஒரு மக் கரைத்தாள்.

அதையும் குடித்தது.

சரியாக ஐந்து மணி பதினைந்து நிமிஷம். கூடத்தில் நாற்பது பேர். மேனேஜர் மைக்கில் ஏதேதோ பேசினார். மாமா கடைசி வரிசையில் கைகட்டி நின்றார். பூனை முன்வரிசையில். அக்கா வாளியைக் கவிழ்த்துத் தட்டினாள். இளஞ்சிவப்புக் கட்டி மேஜையில் இறங்கியது. இனி மேலிருந்து உரிக்கவேண்டும். முதலில் விரல் நுனி தெரியும், கடைசியில் மணிக்கட்டு.

முதலில் அக்காவின் விரல்கள் வந்தன. விரிந்திருந்தன. உள்ளங்கை காலியாக இருந்தது.

முன்வரிசையில் யாரோ "அடடா" என்றார்கள்.

இன்னும் கீழே உரித்தாள். பூனையின் விரல்கள் அம்மாவின் மணிக்கட்டுப் பக்கம் இருந்தன. எதையோ நெம்பிக்கொண்டிருந்தன.

இன்னும் கீழே.

மணிக்கட்டில் ஒரு சின்னக் கை.

சுண்டுவிரலில் பாதி நகம்தான் இருந்தது. நாலு வயதில் கதவிடுக்கில் மாட்டிப் போன நகம். அக்காதான் மருந்து போட்டுக் கட்டினாள்.

மூன்று விரல்கள் அம்மாவை இறுக்கிப் பிடித்திருந்தன. நடுவிரலும் மோதிர விரலும் மட்டும் பிடிக்கவில்லை. அவை பின்பக்கமாக... விரல் வளையாத பக்கமாக வளைந்து நின்றன. அவற்றுக்கு அடியில் பூனையின் கட்டைவிரல்.

கூடமே கைதட்டியது. மூன்று கை எப்படி வைத்தார்கள், என்ன கற்பனை என்று பாராட்டினார்கள். நாற்பது பேர் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அக்கா பூனையைப் பார்த்தாள். பூனை அழவில்லை. பயப்படவில்லை. தான் வரைந்த படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பார்களே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நொடியில்தான் அக்காவுக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தண்ணீருக்குள் கை நழுவவில்லை.

மாமா கைகட்டை அவிழ்த்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நாலாவது வரிசை. மூன்றாவது வரிசை.

அக்கா மேஜையிலிருந்து அதை ஒரே தள்ளு தள்ளினாள்.

சிமெண்ட் தரை. சில்லுச் சில்லாகப் போனது.

கைதட்டல் நின்றது. மாடியில் குதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"கை நழுவிடுச்சு" என்றாள் அக்கா.

காது இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"உன் கையில எதுதான் தங்கிச்சு" என்றார் மாமா.

துடைப்பத்தை எடுத்து நான்தான் கூட்டினேன். ஆறு மணி ஐந்து. அக்காவின் கை நாலு துண்டு, பூனையின் கை மூன்று துண்டு. ஒட்டவைத்துப் பார்த்தால் முழுசாகச் சேர்ந்தது. சின்னக் கையின் சில்லு ஒன்றுகூட இல்லை. மேஜைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், எல்லா இடமும் தேடினேன். இல்லை.

பூனை தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். நகத்துக்குள் மாவு. நான் பின்னால் போய் நின்றேன். திரும்பாமலே பேசினாள்.

"வாளிக்குள்ளயும் வந்து அம்மாவைப் பிடிச்சுக்கிட்டான், சித்தி. விடவே மாட்டேங்கறான்."

குழாயை மூடினாள்.

"மறுபடியும் எடுத்துவிட்டேன்."

அன்று வீட்டுக்குப் போனதும் மாமா பீரோவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் போட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். வாலுவின் பிரேதப் பரிசோதனை அறிக்கை. இரண்டு வருஷமாக யாரிடமும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார். ஒரு வரியின் கீழே பேனாவால் கோடு. வலது கை, நடுவிரல், மோதிர விரல். பின்பக்கமாக வளைக்கப்பட்டு முறிந்தவை.

"நழுவின கையில விரல் எப்படி ஒடியும்?" என்றார். "நீ சொல்லுவேன்னு ரெண்டு வருஷமா பார்த்தேன். நீதானே?"

அறை வாசலில் பூனை நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா அவளைப் பார்த்தாள். அப்புறம் மாமாவைப் பார்த்தாள்.

"ஆமா. நான்தான்."

மறுபடியும் அந்தக் காதுகள். கட்டின புருஷனுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எட்டு நாளைக்கு முன்னால் ஒன்பது முடிந்த பிள்ளையைக் கொலைகாரி என்று சொல்லவேண்டும். மணி எட்டு நாற்பதுக்கு மாமா பூனையைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். இனி நீ என் பெண்ணைப் பார்க்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா வாசல்வரை போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

நான் அவளோடு தங்கிவிட்டேன். ராத்திரி கண்விழித்தால் பக்கத்து அறையில் முணுமுணு என்று கேட்கும். ஏதோ பிரார்த்தனை என்று நினைத்தேன்.

பதினோராம் நாள். காலை ஆறு ஐந்து. மாமாவின் அக்கா போன் பண்ணினார்.

"பொண்ணு கையில ரெண்டு விரல் ஒடிஞ்சிருக்கும்மா. ராத்திரி ஒரு சத்தம் கேக்கல. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்துச்சு. நான்தான் பக்கத்துல படுத்திருந்தேன். டாக்டர் யாரோ வளைச்சிருக்காங்கங்கறார். அவ வாயே திறக்கல. படுக்கை வேற தொப்பலா நனைஞ்சிருக்கு..."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அக்கா எழுந்து வந்தாள்.

"எந்தக் கை?"

"வலது கை."

"நடுவிரலும் மோதிர விரலுமா?"

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

அக்கா தன் வலது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இடது கையால் அதைத் தடவினாள். பிடித்துக்கொண்டிருந்த ஒன்று இல்லாமல் போனதைத் தேடுகிற மாதிரி இருந்தது.

"நான்தான்னு சொன்னேனே..." என்றாள்.

"மாமாகிட்ட சொன்ன. அவரும் நம்பிட்டாரேக்கா."

அக்கா தலையை ஆட்டினாள்.

"அவர்கிட்ட இல்ல. பதினோரு ராத்திரியா அவன்கிட்ட சொல்லிட்டிருக்கேன்."