செவ்வாய்க்கிழமை ஊசி

"நுரையீரலில் உள்ள சிறு கட்டியிலிருந்து ஊசி வழியாகத் திசு எடுப்பதைப் போதிய அனுபவமுள்ள மருத்துவர் தாமே செய்ய வேண்டும், புதியவர் செய்தால் அவர் அருகில் நிற்க வேண்டும்." இந்த விதியைத் தட்டச்சு செய்து ஸ்கேன் பிரிவின் அறிவிப்புப் பலகையில் குத்தியவன் நான். வேலூரில் ஒரு மருத்துவமனை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நோயைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு விதி இருந்தது.

என் மனைவியின் தம்பி ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவன். பதனிட்ட தோலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினால் போதும், கண்ணுக்குப் படாத உண்ணிக்கடித் தழும்பைக்கூடச் சொல்லிவிடுவான். அவன் நுரையீரலில் பட்டாணி அளவில் ஒரு கட்டி தெரிந்தது. நான் வேலை பார்த்த அதே மருத்துவமனையில் திசு எடுக்க இரண்டு வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. தேதி கொடுக்கும் நர்ஸிடம் நேரே போய் நின்றேன்; என்னிடம் வேலை பழகிய பெண். "செவ்வாய்க்கிழமை ஒரு எடம் காலியா இருக்கு சார். ஆனா பெரிய டாக்டர் ஊர்ல இல்ல, புதுசா வந்தவருதான் எடுப்பாரு" என்றாள். "ஒரு ஊசிதானேம்மா" என்றேன். வரிசையைத் தாண்டியதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஊசி முடிந்து படுத்திருந்தவன் என்னைப் பார்த்ததும் சொன்னான்: "டாக்டருக்கு என்னவிட ஜாஸ்தி வேர்த்துச்சு மாமா. எங்க கம்பெனில புது ஆளு கைல நல்ல தோலைக் குடுக்கவே மாட்டோம். மொதல்ல கழிச்ச தோல்தான்."

"நீ இன்னா, நல்ல தோலா?"

"சிரிக்க வெக்காதீங்க மாமா, வலிக்குது."

பரிசோதனை முடிவில் இரண்டு வரிகள் இருந்தன. புற்றுநோய் செல்கள் காணப்படவில்லை. திசு போதவில்லை. முதல் வரியோடு என் மனைவி முழங்கால் போட்டு ஜெபிக்கத் தொடங்கிவிட்டாள். இரண்டாவது வரியின் பொருள் எனக்குத் தெரியும்: ஊசி கட்டியைத் தொடாமலே திரும்பியிருக்கலாம், மறுபடி எடுக்க வேண்டும். அவனிடம் சொன்னேன், அழுத்திச் சொல்லவில்லை. "இல்லன்னுட்டாங்கல்ல மாமா, வுடுங்க" என்று வேலைக்குப் போய்விட்டான். நான்கு மாதம் கழித்து முதுகுவலியோடு வந்தபோது பெரிய டாக்டரே ஊசியால் எடுத்தார். ஒரே குத்தில் திசு கிடைத்தது. அதற்குள் எலும்பு வரை பரவியிருந்தது. ஆகஸ்டில் அவனை அடக்கம் செய்தோம்.

"புது டாக்டர எப்டி வுட்டாங்க? எழுதிக் கேளுங்க. ஒங்களுக்குத்தான் எல்லா ரூலும் தெரியுமே" என்றாள் மனைவி. நர்ஸ் எச்சரித்ததை நான் அவளிடம் சொன்னதே இல்லை. விதியின் எண்ணைக் குறிப்பிட்டு, மூன்று பத்தியில், குறை சொல்ல முடியாத ஒரு மனு எழுதினேன். பதில் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே நான் அனுப்பிய ஒரே கடிதம் அதுதான்.

பதில் வந்தபோது நான் கடைக்குப் போயிருந்தேன். உறையை அவள்தான் பிரித்திருக்கிறாள். "மூத்த மருத்துவர் அன்று இல்லை என்று தெரிவிக்கப்பட்ட பின்னரும், தங்கள் நேரடி வேண்டுகோளின்பேரில் தேதி முன்னதாக்கப்பட்டது." தாளை மேஜைமேல் விரித்து, பறக்காமலிருக்க என் கண்ணாடிக் கூட்டை அதன்மேல் வைத்திருந்தாள். சாமந்தி மாலையையும் மெழுகுவர்த்திகளையும் எடுத்துக்கொண்டு, எனக்காகக் காத்திராமல், தம்பியின் கல்லறைக்குத் தனியாகவே போய்விட்டாள். அன்று நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள்.